வீடு முதலில் நிமிரட்டும்: குடிநோயாளியின் குடும்பத்துக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் குடி கைமீறிப் போய்விட்டது. அவர் கணவராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், கூடப் பிறந்தவராக இருக்கலாம். "எல்லா ஆம்பளைங்களும் குடிக்கிறதுதானே" என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த உங்களுக்கு, இது அப்படிப்பட்ட குடி இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. யாரிடம் போவது, எதைச் செய்வது என்று புரியாமல் நிற்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் குடிநோயாளியின் மனைவியாக வாழ்ந்தவள். இன்று, இந்தத் துன்பத்துக்குப் புதிதாக வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறவள்.

நீங்கள் தனியாள் இல்லை. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த கேட்டுக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேரின் வீட்டிலும் ஒரு அம்மா, ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள் இராத்திரி வாசல் கதவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

"அவர் நிறுத்தினால்தான் இந்த வீடு உருப்படும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள், வீடு முதலில் நிமிரட்டும். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்றவர்களின் வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் ராபர்ட் மேயர்ஸும். எப்படிப் பேசுவது, எதைத் தாங்கிப் பிடிப்பது, எதை விட்டுவிடுவது, தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதுதான் பயிற்சி. 1999-ல் வெளியான அந்த ஆய்வில் நூற்றுக்கு 64 வீடுகளில் குடித்தவர் சிகிச்சைக்கு வந்தார். வீட்டார் நிமிர்ந்தால் அவர் வருவதற்கும் வழி பிறக்கிறது.

1. இதற்கு நீங்கள் காரணம் இல்லை.

"பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் கடைக்குப் போறான்?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். "நீ வாயை மூடிட்டு இருந்தா நான் ஏன் குடிக்கிறேன்?" என்று அவரே கேட்பார். இதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே ஒரு நாள் அது உண்மைதானோ என்று தோன்றிவிடும். தோன்றவிடாதீர்கள்.

மது அடிமைத்தனம் ஒரு நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே மருத்துவமனைகள் இதை நோயாக ஏற்றுச் சிகிச்சை தரவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. இந்த நோய் யாருக்கு வரும் என்பதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதே போதை ஏற முன்னைவிட அதிகம் குடிக்க வேண்டியிருப்பது, ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போவது, காலையில் கை நடுங்குவது, அந்த நடுக்கம் அடங்கவே ஒரு கட்டிங் தேவைப்படுவது, வேலையும் வீடும் போனாலும் பாட்டிலை விட முடியாதது: இவை நோயின் அடையாளங்கள். உங்கள் சமையலோ பேச்சோ நிறமோ வரதட்சிணையோ இதை உண்டாக்கவில்லை.

மகனைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்" என்று பெண் பார்க்கக் கிளம்பாதீர்கள். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தியை அறிந்தே இதில் இறக்குவது பாவம்.

2. ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள்.

இது தெரியாமல் உயிர் போகிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள். பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை மதுவுக்கு ஏற்றாற்போல் மாறியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் விரட்டுவார். "காத்து கருப்பு பிடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மதுவை நிறுத்தியதால் வந்த நெருக்கடி. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருப்பவர்களும் உண்டு. அந்தப் பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்த உறுதி பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர் என்றால், கயிறு கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சில நாள் உள்நோயாளியாக வைத்து, வலிப்பு வராமலிருக்க மருந்தும், குடியால் குறைந்துபோன வைட்டமின் பி-1 சத்தும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள்.

இன்னொன்று. வண்டியில் விழுந்து கால் உடைந்து வேறொரு பிரிவில் சேர்த்தாலும், "இவர் தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து மறைத்தால், எலும்பு டாக்டர்கள் எதிர்பாராத நேரத்தில் மூன்றாம் நாள் அவர் கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்து ஓடுவார்.

3. தெரியாமல் எதையும் சாப்பாட்டில் கலக்காதீர்கள்.

"குழம்பில் கலந்து கொடுங்க, பத்தே நாளில் குடியை மறந்துடுவார்" என்று விளம்பரம் வரும். பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு மாத்திரை பெயர் சொல்வார். டைசல்பிராம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். சிலருக்கு மரணம்கூட நேரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு உடம்பில் தங்கியிருக்கும். அதனால்தான் நோயாளியின் சம்மதத்தோடு, இதயம், ஈரல் எல்லாம் சோதித்த பிறகே டாக்டர்கள் அதைத் தருகிறார்கள். தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் வழக்கம்போல் கடைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் பிழைத்தாலும், பிறகு உங்கள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க அவர் பயப்படுவார். குடி வேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் இன்று இருக்கின்றன. எதுவானாலும் டாக்டர் மூலமாக, அவருக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

4. இராத்திரி பேசாதீர்கள், காலையில் பேசுங்கள்.

போதையில் இருப்பவரிடம் நியாயம் கேட்பதில் பயன் இல்லை. நீங்கள் பேசியதில் பாதி மறுநாள் அவருக்கு நினைவே இருக்காது. சண்டை மட்டும் பெரிதாகும். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

பேச நல்ல நேரம், போதை தெளிந்து மனம் கூசிக்கிடக்கும் நேரம். சுருக்கமாகப் பேசுங்கள். "நீ ஒரு மனுஷனா?" என்று தொடங்கினால் அவர் காது அடைத்துக்கொள்ளும். "நேத்து நைட்டு பாப்பா பயந்து படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டா. எனக்கு ரொம்ப வலிச்சுது. இன்னைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று நடந்தது, உங்கள் வலி, உங்கள் கோரிக்கை மூன்றையும் சொல்லி நிறுத்துங்கள். அவர் குடிக்காமல் வந்த மாலை ஒன்று இருந்தால், அன்று முகம் கொடுத்துப் பேசுங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். குடித்த நாளுக்கும் குடிக்காத நாளுக்கும் வீட்டில் வித்தியாசம் தெரியட்டும்.

சத்தியம் வாங்காதீர்கள். அதிலும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லவே சொல்லாதீர்கள். அப்பா மறுபடி குடித்து வரும் இராத்திரி, தான் செத்துப்போய்விடுவோம் என்று அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பயத்தைக் குழந்தை யாரிடமும் சொல்லாது.

5. உயிரைக் காப்பாற்றுங்கள், மானத்தை மூடாதீர்கள்.

இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டமான பாடம்.

அவர் நினைவு தப்பிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள். போதையில் வண்டிச் சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மறுத்தால் அடிப்பார் என்ற நிலை இருந்தால், சாவியைப் பகலிலேயே அக்கம்பக்கத்தில் கொடுத்து வையுங்கள்.

மற்றதெல்லாம் அவர் சுமக்க வேண்டியது. வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்கோ மேனேஜருக்கோ "அவருக்குக் காய்ச்சல்" என்று நீங்கள் போன் செய்யாதீர்கள். அவர் வாங்கிய கைமாற்றை ஓடிப்போய் அடைக்காதீர்கள். தெருவில் போட்ட சண்டைக்கு நீங்கள் போய்க் காலில் விழாதீர்கள். உடைத்த பொருள் காலையில் அவர் கண்ணில் படும்படி கிடக்கட்டும். பிள்ளைகள் காலில் குத்தாதபடி ஓரமாக ஒதுக்கினால் போதும். குடியின் விலையை ஒவ்வொரு நாளும் நீங்களே கட்டிக்கொண்டிருந்தால், அப்படி ஒரு விலை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும். இது பழிவாங்கல் இல்லை. இதைக் கோபமில்லாமல் செய்யுங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

6. பணத்தையும் பத்திரத்தையும் காப்பாற்றுங்கள்.

குடி உள்ள வீட்டில் இரண்டாவதாக நுழைவது கடன். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஏ.டி.எம். கார்டும் அதன் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து பெண்களின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தகுதி இருந்தால் வாங்குங்கள், அதை அவர் கைக்கு மாற்றாதீர்கள். வீட்டுப் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து, அசலை நம்பிக்கையானவர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வையுங்கள்.

சுயஉதவிக் குழுக் கடனை வாங்கி அவர் கடனை அடைக்காதீர்கள். அவர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் பயந்து தாலிக்கொடியைக் கழற்றாதீர்கள். அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து நடப்பில் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வாடகை, அரிசி இந்த மூன்றையும் மாதத்தின் முதல் வாரத்திலேயே கட்டி முடித்துவிடுங்கள்.

7. அடி விழுந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

"குடிச்சாத்தான் அடிப்பார், மத்தபடி தங்கம்" என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர். போதை ஏறியவர் தன் முதலாளியை அடிப்பதில்லை. போலீஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து உங்களைத்தான் அடிக்கிறார். நோய்க்கு இரக்கம் காட்டுங்கள். அடிக்கு இரக்கம் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. வீடு அவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், நீங்கள் வாழ்ந்துவந்த அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அவர் உங்களை அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். இதற்கென்றே மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது.

காயத்துக்கு மருந்து போடப் போனால் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள், டாக்டர் எழுதிக்கொள்ளட்டும். பின்னால் அதுதான் உங்கள் சாட்சி. ஒரு பையில் இரண்டு நாள் துணி, மருந்து, கொஞ்சம் பணம், சான்றிதழ் நகல்கள் எப்போதும் தயாராக இருக்கட்டும். எந்த வீட்டுக்குப் போவது என்று முன்பே பேசி வைத்திருங்கள். இந்த ஏற்பாடு இல்லாத இராத்திரிகளில்தான் பெரிய விபரீதங்கள் நடக்கின்றன.

8. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒன்றும் நடக்காததுபோல் மூடினால், குழந்தை தன் கண்ணையே நம்பாமல் போகும். வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். "அப்பாவுக்குக் குடிநோய். நீ பண்ண எதாலயும் இது வரலை. இதைச் சரிபண்றது உன் வேலை இல்லை. பெரியவங்க நாங்க பாத்துக்கறோம்." இவ்வளவு போதும்.

அப்பாவைத் தேடிப் பிள்ளையை டாஸ்மாக் கடைக்கு அனுப்பாதீர்கள். அவர் சட்டைப் பையைத் துழாவச் சொல்லாதீர்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் தூது போக வைக்காதீர்கள். மூத்த பெண் பத்து வயதிலேயே சமைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, உங்கள் கண்ணீரையும் துடைத்துக்கொண்டிருந்தால், "எவ்வளவு பொறுப்பு" என்று மெச்சிக்கொள்ள வேண்டாம். அவள் பிள்ளைப் பருவம் கரைந்துகொண்டிருக்கிறது. அவள் விளையாடவும் படிக்கவும் ஒரு மணி நேரத்தை மீட்டுக் கொடுங்கள். வகுப்பாசிரியர் ஒருவரிடம் வீட்டு நிலையைச் சொல்லி வையுங்கள். பொதுத்தேர்வு ஆண்டு என்றால் தாத்தா பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்வது நல்லது. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. அந்த எண் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

9. வீட்டார் எல்லோரும் ஒரே சொல் சொல்லுங்கள்.

மனைவி பணம் தர மறுப்பாள். மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் கொடுப்பார், "பாவம், கை நடுங்குது பாரு" என்று. தங்கை ஜிபேயில் அனுப்புவாள். மாமனார் அடிக்கக் கை ஓங்குவார். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் குடி மட்டும்தான் பிழைத்துக்கொள்ளும்.

அவர் இல்லாத நேரத்தில் வீட்டார் கூடி உட்காருங்கள். யாரும் பணம் கொடுக்க மாட்டோம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவோம், கூட யார் போவது, அடித்தால் என்ன செய்வோம் என்று முடிவெடுங்கள். பெற்ற தாயின் மனம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அம்மா, கை நடுங்குகிற பிள்ளைக்குப் பணம் கொடுப்பதைவிட, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதுதான் அந்த நடுக்கத்துக்கு மருந்து.

10. உங்கள் உடம்பையும் மனதையும் பாருங்கள்.

குடித்தவருக்கு ஈரல் கெடுகிறது. கூட வாழ்கிறவருக்குத் தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, பசி போகிறது, கோபம் பிள்ளைகள் மேல் திரும்புகிறது. ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது அவரைப் பற்றி நினைக்காத நேரமாக இருக்கட்டும். கோயிலுக்குப் போங்கள், தையல் மிஷினில் உட்காருங்கள், தோழியோடு நடங்கள். அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் ஒளியாதீர்கள். வேலை இருந்தால் விடாதீர்கள்.

உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் கூட்டமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், வீட்டாருக்கும் ஆறுதல் வேண்டும் என்று 1951-ல் அல்-அனான் குடும்பக் குழுக்களைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். முதல் நாள் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கதையை இன்னொருத்தி சொல்லக் கேட்கும்போதே நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும்.

"எல்லாரும் சேர்ந்து செத்துடலாம்" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அதைத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநலச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா அமைப்பும் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காது கொடுக்கிறது.

11. சிகிச்சை மையத்தைக் கண்ணால் பார்த்துச் சேருங்கள்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளிக்குச் சிகிச்சை தருவதோடு வீட்டாருக்கும் வகுப்பும் ஆலோசனையும் உண்டு என்பதை நம் நாட்டில் நிலைநிறுத்திய இடங்களில் அது முக்கியமானது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த மையத்துக்குப் போனாலும் இந்த அளவுகோலை வையுங்கள்: வீட்டாரை உட்கார வைத்துப் பேசுகிறார்களா?

மேலும் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா? டாக்டர் நேரில் வந்து பார்க்கிறாரா? உள்ளே போய் அறையைப் பார்க்க விடுகிறார்களா? அவரோடு நீங்கள் பேச முடியுமா? மொத்தச் செலவை எழுதித் தருகிறார்களா? "நாலு ஆளை அனுப்பி வண்டியில் தூக்கிட்டுப் போயிடறோம்" என்று சொல்லும் இடமும், அடித்தால்தான் திருந்துவார் என்று சொல்லும் இடமும் வேண்டாம். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. போதை மறுவாழ்வு பற்றி எங்கே போவது என்று கேட்க 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. இந்த விவரங்களை முன்கூட்டியே சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு காலையில் அவர் "சரி, வரேன்" என்பார். அந்த மனம் சாயங்காலம் வரை நிற்காது. அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

12. நிறுத்திய பிறகும் பொறுமை வேண்டும், நிறுத்தாவிட்டாலும் வாழ்க்கை வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உடனே புது மனிதராகிவிட மாட்டார். முதல் மாதங்களில் எரிச்சல் இருக்கும், தூக்கம் வராது. உங்களுக்கும் சந்தேகம் போகாது. கிட்டே வந்தால் வாயை மோப்பம் பிடிக்கத் தோன்றும், பாக்கெட்டைத் தடவத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். அவரைக் காவல் காப்பது உங்கள் வேலை இல்லை. வீட்டுப் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் காய்கறி வாங்கட்டும், பிறகு பிள்ளையைப் பள்ளியில் விடட்டும், பிறகு கரண்ட் பில் கட்டட்டும். பழைய கணக்கைச் சண்டைக்குச் சண்டை எடுத்து வீசாதீர்கள். கல்யாண வீடு, சாவு வீடு, தீபாவளி, போனஸ் வரும் நாள் இவையெல்லாம் வழுக்கும் இடங்கள். முதல் ஆண்டு இவற்றுக்குப் போனால் கூடவே போய்க் கூடவே திரும்புங்கள். கூட்டங்களுக்கும் டாக்டரிடமும் விடாமல் போகட்டும்.

மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டார் என்றால் எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைக்காதீர்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போல இதுவும் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும் நோய். மறுநாளே டாக்டரிடம் போனால் அது ஒரு நாள் வழுக்கலோடு நிற்கும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் பழைய நிலைக்கு இழுத்துப் போகும்.

எல்லாம் செய்தும் அவர் நிறுத்தவில்லை என்றால்? அதுவும் சில வீடுகளில் நடக்கிறது. அப்போதும் பிள்ளைகள் படிக்கலாம், நீங்கள் சம்பாதிக்கலாம், வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கலாம். பிரிந்து வாழ்வதுதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கோபத்தில் இராத்திரியோடு இராத்திரியாக முடிவெடுக்காமல், சட்டம் தெரிந்தவரையும் உங்கள் பக்கம் நிற்கும் பெரியவர்களையும் கலந்து, பகலில் நிதானமாக முடிவெடுங்கள். எடுத்த பிறகு ஊர் வாய்க்குப் பயந்து பின்வாங்காதீர்கள்.

இந்தப் பன்னிரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மூன்றை இன்றைக்கே செய்யுங்கள். நான் சொன்ன உதவி எண்களை உங்கள் போனில் பதியுங்கள். வீட்டில் நடப்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது வாய் விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது உன் தப்பில்லை என்று சொல்லுங்கள். குடிநோய் வளர்வது வீட்டார் காக்கும் மௌனத்தில்தான். அந்த மௌனத்தை இன்றைக்கே உடைத்துவிடுங்கள்.